நான்கு துவாரம் என்று சொல்லிவிட்டு ஒரு சாண் வெட்டியது ஏன்?

கேள்வி: களுவாஞ்சிக்குடி வாசகர்
2023 நவம்பர் 4, மாலை 6.10

என் மாமிக்குப் பித்தப்பையில் கல். சிறுதுவார முறையில் எடுப்போம், நான்கு சிறு துவாரம்தான், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூன்று கிழமைக்கு முன் உள்ளே கொண்டு போனார்கள். வெளியே வரும்போது நான்கு துவாரமும் இருந்தது, வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டும் இருந்தது. "இரத்தம் வந்தது, திறக்க வேண்டியதாகிவிட்டது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கைப்பழக்கம் இல்லாத ஒருவர் செய்திருக்கிறார் என்று நான் சொல்கிறேன். யாராவது மறுப்பீர்களா?

2023 நவம்பர் 4, இரவு 9.40

மறுப்பேன்.

இருபத்தாறு வருடம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி உத்தியோகத்தராக நின்றவன். இப்போது ஆரையம்பதியில் ஓய்வூதியத்தோடும் இரண்டு ஆடுகளோடும் காலம் போகிறது. நான் வைத்தியர் இல்லை, யாரையும் வெட்டியதில்லை. வெட்டியவர்களின் கைகளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன், தம்பி. கைப்பழக்கம் இல்லாதவர் திறக்க மாட்டார். திறந்தால் தன் மானம் போய்விடும் என்று நினைத்து, துவாரத்துக்குள்ளேயே துழாவிக்கொண்டிருப்பார். உங்கள் மாமியைத் திறந்தவர் தன் மானத்தை விட மாமியின் ஈரலைப் பெரிதாக நினைத்திருக்கிறார். சம்மதப் பத்திரத்தில் "தேவைப்பட்டால் திறந்து செய்யப்படும்" என்று ஒரு வரி இருந்திருக்கும். போய்ப் பாருங்கள்.

2023 நவம்பர் 5, காலை

நேற்று ஆட்டுக்குக் குழை கட்டப் போகும் அவசரத்தில் எழுதியது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பித்தப்பைக்கு இரத்தம் கொண்டு வருவது பித்தப்பை நாடி என்ற ஒரு சின்ன நாடி. இடியப்ப இழையைவிடச் சற்றுத் தடிப்பு, அவ்வளவுதான். பெரும்பாலும் ஈரலின் வலப்பக்கத்து நாடியிலிருந்து கிளைத்து வரும். சிலருக்கு இரண்டு இருக்கும். சிலருக்கு அந்தத் தாய் நாடியே வளைந்து நெளிந்து பித்தப்பைக்கு ஒட்டியபடி வந்து, "நான்தான் பித்தப்பை நாடி" என்று ஏமாற்றும். மயிர்க்கொட்டிப் புழுவின் கூன் மாதிரி இருப்பதால் அந்தப் பெயராலேயே அதைச் சொல்வார்கள். அதை வெட்டினால் ஈரலின் வலப்பக்கத்துக்குப் போகும் நாடி இரத்தம் நின்றுவிடும்.

இந்த இடியப்ப இழை அறுந்தால் திரையில் என்ன தெரியும் தெரியுமா? கமரா எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். ஒரு தேக்கரண்டி இரத்தம் மட்டக்களப்பு வாவி பெருக்கெடுத்த மாதிரி இருக்கும். நாடி என்றால் துடிப்புக்குத் துடிப்பு பீச்சும். ஒரு துளி கமராக் கண்ணாடியில் பட்டதோ, திரை முழுவதும் சிவப்பு. இன்னொன்றும் உண்டு. இரத்தம் வெளிச்சத்தைக் குடிக்கும். குளம் கட்டக் கட்ட உள்ளே இருளும். விளக்கு பழுதாகிவிட்டது என்று புதிய ஆட்கள் நினைப்பார்கள்.

சரி, உறிஞ்சி எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். வயிற்றைப் பந்தல் மாதிரித் தூக்கிப் பிடித்திருப்பது உள்ளே அடைத்த காபனீரொட்சைட்டுதான். 12 முதல் 15 மில்லிமீற்றர் இரச அமுக்கம். உறிஞ்சுகுழாய் இரத்தத்தோடு சேர்த்துக் காற்றையும் இழுத்துவிடும். பந்தல் இறங்கிவிடும். ஆகவே குழாயின் நுனியை இரத்தத்துக்குள் அமிழ்த்திவைத்து, விட்டு விட்டுத்தான் உறிஞ்ச வேண்டும்.

அந்த நேரத்தில் நல்ல கை செய்யும் முதல் வேலை: கமராவைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டாவது வேலை: அமத்திப் பிடிக்கும். அமத்துவதற்குப் புதிதாக எதையும் உள்ளே விடத் தேவையில்லை. ஏற்கெனவே இடுக்கியில் பிடித்திருக்கும் பித்தப்பையின் கழுத்துப் பகுதியையே இரத்தம் வரும் இடத்தில் வைத்து அழுத்தலாம். பிறகு ஒரு கோஸ் துண்டைச் சுருட்டி 10 மில்லிமீற்றர்த் துவாரத்தால் இறக்கி, அதன்மேல் அமத்தி, மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிடம். அரைவாசி இரத்தப்போக்கு அதிலேயே அடங்கிவிடும்.

"அரைவாசி" என்பது என் கண் கணக்கு. யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

2023 நவம்பர் 5, பின்னேரம்

கேள்வி கேட்டவர் தம்பி இல்லையாம், தங்கச்சியாம். மன்னிக்க வேண்டும், தங்கச்சி. "மாமியின் ஈரலைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் மருமகளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று என் மனைவி சொல்லச் சொன்னாள்.

2023 நவம்பர் 8

"பதறாமல் அமத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதில் என்ன பெரிய வித்தை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்காக இதை எழுதுகிறேன். நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

பல வருடங்களுக்கு முன். எந்த வைத்தியசாலை என்று கேட்க வேண்டாம், மூன்றில் வேலை செய்திருக்கிறேன். படுவான்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். வயல் வேலை செய்பவள். கல் அடைத்து வீங்கிய பித்தப்பை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பழஞ்சோறு மாதிரிக் கிடந்தது. இளம் வைத்தியர், நல்ல பிள்ளை. நாடி அறுந்தது. திரை சிவந்தது.

"கிளிப்" என்றார். அறுந்த நாடியைக் கவ்வி மூடும் சின்ன உலோகக் கவ்வி அது. கொடுத்தேன்.

போட்டார். நிற்கவில்லை. "இன்னொன்று." கொடுத்தேன். மூன்றாவதும் கொடுத்தேன். மூன்றாவதோடு இரத்தம் நின்றது. எல்லாரும் பெருமூச்சு விட்டோம். ஒருவர் கைகூடத் தட்டினார் என்று நினைவு. கழுவித் துடைத்து மூடினோம்.

நான்காம் நாள் அந்தப் பெண்ணின் கண் மஞ்சளாகிவிட்டது.

மூன்றில் ஒரு கிளிப் பொதுப் பித்தக்கானைக் கவ்விக்கொண்டிருந்தது. ஈரலிலிருந்து பித்தம் குடலுக்குப் போகும் ஒரே வழி அது. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே குடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து ஈரலிலிருந்து வரும் கானோடு பொருத்தினார்கள். பிழைத்தாள். அறுவடைக் காலம் இரண்டு அவளுக்குப் போய்விட்டது.

இரத்தக் குளத்துக்குள் கண்மூடிக் கிளிப் போடுவது, இருட்டில் பாம்பென்று நினைத்து வீட்டுக்காரன் காலில் அடிப்பது போலத்தான். இரத்தப்போக்கால் வந்த கேடு அவளுக்குச் சிறிது. அதை அவசரமாக நிறுத்தப் போனதால் வந்த கேடு பெரிது. இங்கே எழுதிய எல்லாவற்றிலும் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

கேட்டதைக் கொடுப்பது தாதியின் வேலை. ஆனால் அன்று ஒரு கையில் கிளிப்பும் மறு கையில் கோஸும் நீட்டியிருந்தால்? இதை இன்றைக்கும் யோசிக்கிறேன்.

2023 நவம்பர் 8, இரவு

தூக்கம் வரவில்லை. மற்றக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

சில வருடம் கழித்து வேறொரு மூத்த நிபுணரோடு வேலை செய்தேன். அதே மாதிரி ஒரு நாள், அதே நாடி. அவர் கிளிப் என்று சொல்லவில்லை. "மயக்கமருந்து அக்கா, இரத்தம் வருகிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம் "கோஸ்". அமத்தினார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து "நிமிடம் சொல்லிக்கொண்டிருங்கள்" என்றார். பிறகு என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கல்லடியில் அன்றைக்குக் கூனி இறால் என்ன விலை என்று கேட்டார். நான் சொன்னேன். "அவ்வளவா? போன கிழமை குறைவாக இருந்ததே" என்றார். முதலாவது நிமிடம். கூனிச் சம்பலுக்கு மாங்காய் போடுவதா தேசிக்காய் விடுவதா என்று இரண்டாவது நிமிடமும் மூன்றாவதும் போயின. ஒருவரும் ஓடவில்லை, கத்தவில்லை. அதற்கிடையில் வெளித்தாதி இன்னொரு உறிஞ்சுகுழாயைப் பொருத்திவிட்டார். கமராவை வெளியே எடுத்து, பிளாஸ்கில் இருந்த சூடான உப்புநீரில் அமிழ்த்தித் துடைத்துத் தெளிவாக்கிவிட்டோம். திறப்பதற்கான தட்டும் பக்கத்தில் வந்துவிட்டது. வயிற்றில் அமத்திய கை மட்டும் அசையவில்லை.

ஐந்தாவது நிமிடம் கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். சுற்றிவர உலர்ந்திருந்தது. நடுவில் ஒரு சின்ன வாய் துடித்துக்கொண்டிருந்தது. ஊசி முனை அளவு. அதை மட்டும் இடுக்கியால் பிடித்தார். பிடித்த பிறகு, அதற்குக் கீழே பித்தக்கான் எங்கே ஓடுகிறது என்று எங்கள் எல்லாருக்கும் காட்டினார். அதற்குப் பிறகுதான் "கிளிப்" என்றார். ஒரே ஒரு கிளிப்.

மாங்காய்தான் என்று முடிவானது.

2023 நவம்பர் 9

ஒரு வைத்தியர், பெயர் போட விரும்பாதவர், என்னைத் திருத்தியிருக்கிறார். திருத்தம் சரி. அப்படியே என் சொல்லில் தருகிறேன்.

ஐந்து நிமிடம் அமத்துவது எல்லா இரத்தப்போக்குக்கும் பொருந்தாது. தொடக்கத்திலேயே, முதல் துவாரம் போடும்போது, ஊசியோ ட்ரோக்கார் என்ற கூர்முனைத் துவாரக்குழாயோ பின்னால் போய்ப் பெருநாடியில் அல்லது இடுப்பு நாடியில் குத்திவிடலாம். மிக அரிது. நடந்தால் திரையில் பெரிதாக ஒன்றும் தெரியாமலே போகலாம், ஏனென்றால் இரத்தம் பின்சுவருக்குள் ஒளிந்து வீங்கும். மயக்கமருந்து வைத்தியர்தான் முதலில் அறிவார்: குருதியமுக்கம் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கும். அங்கே கூனி விலை பேச நேரமில்லை. குத்திய கருவியை இழுக்காமல் அப்படியே விட்டு, உடனே வயிற்றைத் திறந்து, கையால் அழுத்தி, இரத்தக்குழாய் நிபுணரைக் கூப்பிட வேண்டும். மாவட்டத்தில் அவர் இல்லாவிட்டால் இருப்பவர்கள் அமத்திக்கொண்டே நிற்க வேண்டும்.

இன்னொரு திருத்தமும் சொன்னார். காற்றின் அமுக்கத்தைச் சற்றுக் கூட்டினால் நாளத்திலிருந்து, அதாவது இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயிலிருந்து, வரும் கசிவு அடங்கும் என்று நான் தனிச்செய்தியில் ஒருவருக்கு எழுதியிருந்தேன். அடங்கும்தான். ஆனால் பெரிய நாளம் ஒன்று வாய் திறந்திருக்கும்போது அமுக்கத்தைக் கூட்டினால், வாயு அதற்குள் நுழைந்து இதயத்துக்குப் போகக்கூடும். ஆகவே கொஞ்ச நேரத்துக்கு மட்டும், மயக்கமருந்து வைத்தியரிடம் சொல்லிவிட்டு.

அந்த ஊசியைப் பற்றி ஒரு கிளைக்கதை. வயிற்றில் காற்றடைக்க இன்றைக்குப் பலரும் பாவிக்கும் வெரஸ் ஊசி வயிற்றுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. ஹங்கேரி வைத்தியர் யானோஷ் வெரஸ் காசநோய்க்காரரின் நெஞ்சறைக்குள் காற்றுச் செலுத்தச் செய்தது. 1938இல் அதைப்பற்றி எழுதினார். நுனி மழுங்கிய ஒரு உட்குழாய் வில்லில் நிற்கும். தடை நீங்கியதும் முன்னே தள்ளிக் கூர்முனையை மறைக்கும். நான் எத்தனையோ தரம் அந்த வில்லைச் சோதித்துக் கொடுத்திருக்கிறேன். "டிக்" என்று சின்னச் சத்தம் வர வேண்டும்.

2023 நவம்பர் 12

உள்ளே விட்ட கிளிப் விமான நிலையத்தில் சத்தம் போடுமா என்று ஏறாவூரிலிருந்து ஒருவர். டோஹாவுக்கு வேலைக்குப் போகிறாராம். போடாது. டைட்டேனியம், அரிசிமணியை விடக் கொஞ்சம் நீளம். காந்த ஸ்கானுக்கும் தடையில்லை. ஆனாலும் ஸ்கான் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். சுங்கத்தில் சொல்ல வேண்டாம்.

2023 நவம்பர் 15

கோஸ் எண்ணிக்கை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன், என் தொழில் பெருமை அது.

வெள்ளைக் கோஸ் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் ஈரலின் நிறமாகிவிடும். ஈரலுக்கும் கோஸுக்கும் வித்தியாசம் தெரியாது. இரத்தப்போக்கின் பதற்றத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளே தள்ளுவார்கள். பலகையில் எழுதாவிட்டால் ஒன்று உள்ளேயே தங்கிவிடும். நான் வெண்பலகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட வைப்பேன். வெளியே வந்ததும் அந்தக் கோட்டின்மேல் குறுக்குக் கோடு. ஒரு நாள் குறுக்குக் கோடு ஒன்று குறைந்தது. "எண்ணிக்கை பிழையாக இருக்கும், மூடுவோம்" என்றார்கள். மூட விடவில்லை. இருபது நிமிடம் தேடினோம். ஈரலுக்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மென்றகட்டுக்குக் கீழே, சுருண்டு கிடந்தது. மேசையைத் தலைப்பக்கம் உயர்த்தி இடப்பக்கம் சரித்திருந்தோம். கீழே விழ வேண்டியது எப்படி மேலே போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2023 நவம்பர் 23

இன்றைக்கு மழை. 1978 சூறாவளியின் நாள். எனக்கு அப்போது பதினேழு வயது. கூரையைத் தேடி அடுத்த தெருவுக்குப் போனோம். இந்த நாள் வந்தாலே மின்சாரம் போகும் என்று ஒரு பயம் எனக்கு.

மின்சாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. சிறுதுவார முறையில் மின்சாரம் போனால் கண் போனது. திறந்த வயிறு என்றால் டோர்ச் பிடித்தாவது செய்யலாம். யுத்த காலத்தில் செய்திருக்கிறோம். ஒரு முறை பித்தப்பையை ஈரலிலிருந்து உரித்துக்கொண்டிருக்கும்போது கசிவு, கோஸ் வைத்து அமத்தியிருந்தார்கள், திரை கறுத்தது. ஜெனரேட்டர் பத்துப் பதினைந்து வினாடியில் வந்துவிட்டது. ஆனால் கமராப் பெட்டியும் காற்றுப் பெட்டியும் விழித்தெழ இரண்டு நிமிடத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் வைத்தியர் கறுத்த திரையைப் பார்த்தபடி, கையை ஒரு நூல்கூட அசைக்காமல் நின்றார். திரை வந்ததும் பார்த்தால் கசிவு நின்றிருந்தது. "இனி எல்லாருக்கும் இதே வைத்தியம்தான்" என்றார்.

ஈரல் படுக்கையிலிருந்து வரும் இந்த இரத்தம் நாடியின் இரத்தம் மாதிரிப் பீச்சாது, ஊறும். பெரும்பாலும் டயதேமி என்ற மின்சூட்டுக் கருவியால் மேலாகக் கருக்கினால் அடங்கும், அல்லது உறையவைக்கும் சேர்ஜிசெல் துணியை ஒட்டி அமத்த வேண்டும். ஆனால் சிலருக்கு ஈரலின் நடு நாளத்தின் கிளையொன்று பித்தப்பைக்கு நேர் பின்னாலேயே ஓடும். ஆழமாக உரித்தால் அது கிழியும். கறுத்த இரத்தம் குபுகுபுவென வரும். அதைக் கருக்கப் போனால் துளை பெரிதாகும். அமத்தல்தான், பிறகு தேவையென்றால் தையல்.

இன்னொரு விஷயம், நிறையப் பேருக்குத் தெரியாதது. வயிற்றில் காற்று அடைத்திருக்கும்வரை அந்த அமுக்கமே சிறு நாளங்களை மூடி வைத்திருக்கும். எல்லாம் உலர்ந்து அழகாகத் தெரியும். காற்றை வெளியே விட்டதும் அவை வாய் திறக்கும். ஆகவே முடிப்பதற்கு முன் அமுக்கத்தைக் குறைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். துவாரக் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கமராவால் பார்த்தபடியே உருவ வேண்டும், வயிற்றுச் சுவரின் நாடி ஒன்று குழாயால் அடைபட்டுக் கிடந்திருக்கலாம். சிலர் பசி வந்ததும் இதை விட்டுவிடுவார்கள்.

2023 நவம்பர் 24

ஈரலில் அவ்வளவு ஒட்டியிருந்தால் என்ன செய்வார்கள் என்று தங்கச்சி கேட்கிறார்.

கோழி அறுத்திருக்கிறீர்களா? ஈரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் பையை என் அம்மா எப்படி எடுப்பாள் என்றால், நகத்தால் கிள்ளமாட்டாள், பையைச் சுற்றி ஈரலில் ஒரு துண்டையும் சேர்த்தே வெட்டி வீசுவாள். பித்து உடைந்தால் கறி முழுக்கக் கைப்பு. ஈரலில் கொஞ்சம் போனால் போகட்டும் என்பாள்.

சத்திரசிகிச்சையில் இதற்கு நேர்மாறு. ஈரலில் ஒரு துண்டும் போகக்கூடாது, போனால் இரத்தம். பித்தப்பையின் பின்சுவரை ஈரலிலேயே ஒட்டியபடி விட்டுவிட்டு, முன்பக்கத்தை மட்டும் வெட்டிக் கல்லை அள்ளி எடுத்துவிடலாம். பித்தப்பை அழற்சிக்கு 2018இல் வந்த டோக்கியோ வழிகாட்டலிலும் இப்படிப் பாதியோடு நிறுத்துவதை முறையான வழியாகவே சேர்த்திருக்கிறார்கள். எனக்கு வேலை கற்பித்த காலத்தில் இதைத் தோல்வி மாதிரிப் பேசினார்கள்.

2023 டிசம்பர் 2

அக்கரைப்பற்றுக்காரர் கேட்டது: அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட், இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை குடிக்கிறார், கல்லும் இருக்கிறது, மாத்திரையை இன்றே நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். குளோபிடோகிரல் என்றால் வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள், வார்பரின் என்றால் சுமார் 5 நாள், அஸ்பிரினைப் பல நேரம் நிறுத்தாமலே செய்கிறார்கள். ஆனால் ஸ்டென்ட் புதிது என்றால் மாத்திரையை நிறுத்துவதே ஆபத்து, சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். இதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் பேசி முடிவெடுக்க வேண்டியது. மாத்திரை உறைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். "வெள்ளைக் குளிசை ஒன்று, சிவப்பு ஒன்று" என்று சொல்லும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மஞ்சள் காமாலையோடு வருபவருக்கு வேறு கதை. கல் கானில் இறங்கி அடைத்துவிட்டால் பித்தம் குடலுக்கு வராது. பித்தம் இல்லாமல் விற்றமின் கே உடம்பில் சேராது. அது இல்லாமல் ஈரல் இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைச் செய்யாது. வெட்டின இடமெல்லாம் கசியும். அதனால்தான் முன்கூட்டியே இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்து, விற்றமின் கே ஊசி போடுகிறார்கள். "காய்ச்சலே இல்லை, எதற்கு ஊசி" என்று சண்டை பிடிக்காதீர்கள்.

2023 டிசம்பர் 3

உள்ளி தின்றால் இரத்தம் உறையாதா என்று மூன்று பேர். கறியில் போடும் உள்ளியை விட்டுவிடுங்கள், அது பாவம். உள்ளி மாத்திரை டப்பாவாக வாங்கிக் குடிப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

2023 டிசம்பர் 10

இதையும் எழுதிவிடுகிறேன். கேலி செய்ய விரும்புபவர்கள் செய்யலாம்.

என் சொந்த அக்காவுக்கு இதே சத்திரசிகிச்சை நடந்தது. நான் கூடத்துக்குள் போகவில்லை, சொந்தக்காரன் என்பதால். இரவு வாட்டில் பக்கத்தில் இருந்தேன். வயிற்றிலிருந்து ஒரு வடிகுழாய் வைத்துப் போத்தல் தொங்கியது. போத்தலில் முப்பது மில்லிலீற்றர்கூட இல்லை. நான் பெரிய ஆள்தானே, மருமக்கள் எல்லாரிடமும் "போத்தல் வெறும், பயமில்லை, போய்ப் படுங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

பத்து மணிக்கு நாடித்துடிப்பு 92. பதினொன்றரைக்கு 108. வலிதான் என்றேன். குருதியமுக்கம் நன்றாக இருந்தது. ஒரு மணிக்கு 120. "தோள் குத்துகிறது, தண்ணீர் கொடு" என்றாள். தோள் குத்துவது இந்த முறையில் பலருக்கும் வரும், காற்று மென்றகட்டை உறுத்துவதால் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன், அவளுக்கும் சொன்னேன். பயிற்சி வைத்தியப் பிள்ளை ஒருத்தி சுற்றி வந்தாள். என் மகள் வயது. போத்தலைப் பார்க்கவே இல்லை. அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றில் கை வைத்தாள், போனை எடுத்தாள்.

இரண்டரைக்குத் திறந்தார்கள். நாடியிலிருந்து கிளிப் நழுவியிருந்தது. வடிகுழாயின் வாயை இரத்தக்கட்டி அடைத்துவிட்டிருந்தது. உள்ளே ஒரு லீற்றருக்குக் கிட்ட.

வளர்ந்தவர் உடம்பில் சுமார் ஐந்து லீற்றர் இரத்தம். ஒன்றரை லீற்றர் போகும்வரைகூடக் குருதியமுக்கம் தாக்குப்பிடிக்கலாம். அதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறிவிடும். இதைத் தாதியர் மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். அக்கா இப்போதும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறாள்: "என் தம்பி விடியும்வரை போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கச் சொல்ல ஒரு சின்னப் பிள்ளை வர வேண்டியிருந்தது."

2023 டிசம்பர் 11

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. குருதியமுக்கத்துக்கு அட்டெனோலோல் போன்ற மாத்திரை குடிப்பவர்களுக்கு நாடித்துடிப்பும் ஏறாமல் இருக்கலாம். அவர்களிடம் துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். வெளிறல், குளிர்ந்த கை, சிறுநீர் குறைவது, வயிறு புடைப்பது, "எனக்கு என்னவோ செய்கிறது" என்று சொல்வது. கடைசியாகச் சொன்னதை நான் முதலில் வைப்பேன்.

2023 டிசம்பர் 17

இந்தச் சிறுதுவார முறையை யார் கண்டுபிடித்தார், அமெரிக்காவா என்று கேள்வி. இல்லை. 1985 செப்டெம்பர் 12ஆம் தேதி ஜெர்மனியின் பொப்லிங்கன் நகரில் எரிக் மூஹ. சக வைத்தியர்கள் ஏளனம் செய்தார்கள். 1992இல் அதே நாட்டுச் சத்திரசிகிச்சைச் சங்கம் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தது. திறந்து எடுக்கும் முறையும் ஜெர்மன்காரர் தொடங்கியதே: 1882இல் பெர்லினில் லாங்கன்புக். அவருடைய முதல் நோயாளி வீட்டுக்குப் போக ஆறு கிழமை. உங்கள் மாமி ஆறு நாளில் போனார், இல்லையா?

நாடியும் கானும் ஓடும் அந்த முக்கோண இடத்துக்குக் கலோ முக்கோணம் என்று பெயர். கலோ பிறகு புகழ்பெற்றது எலும்பு வைத்தியத்தில். அவர் வரைந்த முக்கோணத்தின் மேல் விளிம்பே அந்த இடியப்ப இழை நாடிதான். இப்போது மேல் விளிம்பை ஈரல் வரை தள்ளிவிட்டார்கள். 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் சொன்ன விதி இன்றைக்கு எல்லா இடத்திலும் இருக்கிறது: அந்த முக்கோணத்தின் கொழுப்பையும் நாரையும் சுத்தமாக நீக்கு, பித்தப்பையின் கீழ் மூன்றிலொன்றை ஈரலிலிருந்து விலக்கு, பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு என்று கண்ணால் கண்ட பிறகு வெட்டு. படுவான்கரைப் பெண்ணுக்கு அன்று இரண்டாவதும் நடக்கவில்லை, மூன்றாவதும் நடக்கவில்லை.

எல்லாம் கைமீறினால் கடைசிக் கை ஒன்றுண்டு. ஈரலுக்குப் போகும் நாடி, குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டு வரும் வாயில் நாளம், பித்தக்கான் மூன்றும் ஒரே கட்டாக வரும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நெரித்துப் பிடிப்பது. 1908இல் கிளாஸ்கோவில் பிரிங்கிள் சொன்னது. திறந்த வயிற்றில் விரல் போதும். ஒருமுறை அந்த விரல்களைப் பார்த்திருக்கிறேன். மயக்கமருந்து வைத்தியர் இரத்தம் ஏற்றி முடிக்கும்வரை விரல் வெளுத்துப்போய் நின்றது. பிறகு அந்தக் கையால் தேநீர்க் கோப்பை பிடிக்க முடியவில்லை, நான் பிடித்துக் கொடுத்தேன்.

2024 ஜனவரி 6

தங்கச்சி கிளினிக்குக்குப் போய்ச் சத்திரசிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார். வாசித்துச் சொல்லச் சொல்லி அனுப்பினார். பெயர்களை மறைத்துத்தான் அனுப்பினார், நல்ல காரியம்.

சுருக்கம் இது. தடித்துச் சுருங்கிய பித்தப்பை, குடலும் கொழுப்பும் ஒட்டியிருந்தன. நாடியைப் பிரிக்கும்போது இரத்தப்போக்கு. கோஸ் வைத்து ஐந்து நிமிடம் அமத்தினார்கள். திரும்பவும் ஐந்து நிமிடம். இரத்தம் வரும் இடத்தைத் தெளிவாகக் காண முடியவில்லை. திறந்தார்கள். வலப்பக்க ஈரல் நாடி பித்தப்பைக்கு ஒட்டி வளைந்து வந்திருந்தது; அதிலிருந்து கிளைக்கும் இடத்திலேயே சின்ன நாடி கிழிந்திருந்தது. தைத்தார்கள். ஈரல் நாடி தப்பியது. ஒரு பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். உள்ளே விட்ட கோஸ் நான்கு, எடுத்தது நான்கு.

அந்த மயிர்க்கொட்டிக் கூன் இது. நான் நவம்பர் 5இல் எழுதியது. இருட்டில் ஒரு கிளிப் போட்டிருந்தால் அந்த ஈரல் நாடியே அடைபட்டிருக்கலாம்.

ஆனால் என் முதல் பதிலைத் திரும்ப வாசித்தேன். "மறுப்பேன்" என்று தொடங்கியிருக்கிறேன், பெரிய தைரியம். தங்கச்சியின் கோபத்தில் பாதி அந்த ஒரு வரி விளக்கத்தின்மேல்தான் இருந்தது, எனக்கு அது அப்போது கேட்கவில்லை. இவ்வளவு நல்ல குறிப்பு எழுதத் தெரிந்தவர்கள், வெளியே வாங்கில் ஐந்து மணித்தியாலம் இருந்த குடும்பத்துக்குப் பத்து நிமிடம் சொல்லியிருக்கலாம். நானும் அந்தக் கதவைத் திறந்து "எல்லாம் நல்லபடி" என்று சொல்லிவிட்டு உடனே மூடியவன்தான், எத்தனையோ தரம்.

2024 ஜனவரி 8

மாமியே எழுதியிருக்கிறார், மருமகளின் போனிலிருந்து. இரண்டு கேள்வி. தயிர் சாப்பிடலாமா? சாப்பிடலாம், எருமைத் தயிரே சாப்பிடலாம், வயிறு இளகினால் அளவைக் குறையுங்கள். பொங்கலுக்குப் பானை தூக்கலாமா? வெட்டு ஆறியிருக்கிறது, பன்னிரண்டு கிழமை ஆகிவிட்டது, கிளினிக்கில் சரி என்று சொன்னால் தூக்கலாம். அரிசி போட முன்னம் தூக்கி வையுங்கள், போட்ட பிறகு மருமகள் தூக்கட்டும்.